காலண்டரைப் பார்த்து மருந்து அடிக்காதீர்கள்: எங்கள் குடியிருப்பின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், பொருளாளர், மற்றும் நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

மாதத்தின் முதல் சனிக்கிழமைதோறும் நம் தோட்டம் முழுவதற்கும் பூச்சிமருந்து அடிக்க ஒரு நிறுவனத்தோடு ஓராண்டு ஒப்பந்தம் போட்டிருக்கிறீர்கள். பொதுக்குழுவில் இதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரி அறிவிப்போடு காரியம் முடிந்துவிட்டது. அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சொல்லித்தான் இந்த மடல். முதலில் நேரில் சொன்னேன். "எழுதிக் கொடுங்கம்மா, கமிட்டியில வைக்கிறோம்" என்றார் செயலாளர் சார். எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை, அடுத்த சனிக்கிழமை மருந்துதான் வந்தது. சரி, இனி எல்லாரும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

மருந்து அடிக்கும்போது உங்களில் யாரும் கீழே இருப்பதில்லை. அதனால் அது எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். காலை ஏழரை மணி. சறுக்குமரத்துப் பக்கம் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். மருந்தடிக்க வந்த பையனுக்கு இருபது வயதுதான் இருக்கும். காலில் ரப்பர் செருப்பு, மூக்கின் மேல் கைக்குட்டை, கையில் உறை கிடையாது. டப்பாவின் மூடியால் அளந்து முதுகு ஸ்பிரேயரில் ஊற்றினான். என்ன அளவு தம்பி என்று கேட்டதற்கு "ஒரு டேங்குக்கு ரெண்டு மூடிம்மா" என்றான். செம்பருத்தி வேலியில் ஆரம்பித்து முருங்கை, கறிவேப்பிலை, எலுமிச்சை, மாதுளை, கடைசியில் துளசி மாடம் வரை ஒன்று விடாமல் நனைத்துவிட்டுப் போனான். ஒரு மணி நேரம் கழித்து சி பிளாக் மாமி வழக்கம்போல் கறிவேப்பிலை கிள்ள வந்தார். நான் அங்கே நின்றதால் தடுக்க முடிந்தது. நான் இல்லாத நேரத்தில் யார் யார் கிள்ளிப்போய்த் தாளித்தார்களோ தெரியாது. ஒரு அறிவிப்புப் பலகைகூட வைக்கவில்லை.

அந்த டப்பாவை வாங்கிப் படித்தேன். புரொஃபெனோஃபாஸ் 40 சதவீதமும் சைபர்மெத்ரின் 4 சதவீதமும் சேர்ந்த கலவை. அடியில் மஞ்சள் முக்கோணம். நம் நாட்டில் விற்கும் ஒவ்வொரு பூச்சிமருந்து டப்பாவிலும் இப்படி ஒரு வண்ண அடையாளம் இருக்கும். கொடிய விஷத்துக்குச் சிவப்பு, அதற்கு அடுத்தபடி மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியாகப் பச்சை. நம் வீட்டுச் செடிகளுக்கு இரண்டாம் படி விஷம் வந்திருக்கிறது. எந்தப் பயிருக்கு அடிக்கலாம் என்ற இடத்தில் பருத்தி என்று போட்டிருக்கிறது. பருத்திக்காயைத் துளைக்கும் புழுவுக்கான மருந்து அது. கறிவேப்பிலையோ துளசியோ அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத செடிக்கு, எத்தனை நாள் கழித்துப் பறித்துச் சாப்பிடலாம் என்று டப்பாவைப் பார்த்து யாரும் சொல்லவும் முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் இந்தியாவிலிருந்து வரும் கறிவேப்பிலையைப் பூச்சிமருந்து எச்சத்துக்காகக் கூடுதல் சோதனைப் பட்டியலில் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறது. கடைக் கறிவேப்பிலையை நம்ப முடியவில்லை என்றுதான் நம்மில் பலர் கீழே இறங்கி வந்து பறிக்கிறோம்.

இந்தக் கலவையைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். தற்கொலைகளைத் தடுப்பதற்காகத் தமிழக அரசு 60 நாட்களுக்கு விற்பனையை நிறுத்திவைத்த 6 பூச்சிமருந்துகளில் இதுவும் ஒன்று. மகாராஷ்டிரத்தில் யவத்மால் மாவட்டத்தில் 2017இல் பருத்திக்கு மருந்து அடித்த கூலித் தொழிலாளர்களும் விவசாயிகளும் 20 பேருக்கு மேல் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அதன் பிறகு அந்த மாநில அரசு தற்காலிகமாகத் தடுத்த மருந்துகளின் பட்டியலிலும் இந்தக் கலவை இருந்தது. அங்கே அடித்தவர்களும் பெரும்பாலும் கையுறை இல்லாமல், முகமூடி இல்லாமல்தான் அடித்தார்கள். நம் வளாகத்துக்கு வந்து போகும் அந்தப் பையனைப் பற்றி நிர்வாகக் குழுவில் ஒருவராவது யோசித்தீர்களா?

பிள்ளையார் கோவில் ஓரம் உள்ள அல்லித் தொட்டியை எடுத்துக்கொள்வோம். கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று அதில் கப்பி மீன் விட்டிருந்தோம். டெங்கு பயத்தில் அதைக் கேட்டு வாங்கி விடச் சொன்னதே போன நிர்வாகக் குழுதான். முதல் மருந்தடிப்பு முடிந்த அன்று சாயங்காலமே மீன்கள் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தன. சைபர்மெத்ரின் மீன்களுக்குக் கடும் விஷம். நீர்நிலைக்குப் பக்கத்தில் அடிக்கக் கூடாது என்பது மருந்துக் கடைக்காரருக்குக்கூடத் தெரிந்த விஷயம். அடுத்த வாரமே தொட்டியில் கொசுப்புழு நெளிந்தது. அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அதற்கு வந்த பதில்: "கொசுவுக்கும் சேர்த்து ஃபாகிங் சொல்லிடலாம்."

இந்த ஒப்பந்தம் எதனால் வந்தது என்பதும் எனக்குத் தெரியும். மூன்று புகார்கள். மூன்றும் நியாயமானவை, அதில் சந்தேகமே இல்லை. முருங்கையில் கம்பளிப்பூச்சி. செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. தென்னைக்குக் கீழே நிறுத்தும் கார்கள் மேல் பிசுபிசுப்பும் கறுப்பும். இவை மூன்றுக்கும் அந்த மருந்து என்ன செய்தது என்று பார்ப்போம்.

கம்பளிப்பூச்சியைக் கண்டு பயப்படுவதில் தப்பே இல்லை. பிள்ளைகள் மேல் பட்டால் தடித்து வீங்கி அரிக்கும். ஆனால் முருங்கைக் கம்பளிப்பூச்சியைப் போல ஒழிக்க வசதியான பூச்சி கிடையாது. மழை விட்டதும் அந்துப்பூச்சி வந்து முட்டையிடும். புழுக்கள் வளர்ந்ததும் பகலெல்லாம் அடிமரத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக அப்பிக்கொண்டு கும்பலாகக் கிடக்கும். கிராமத்தில் ஒரு நீளக் குச்சியில் துணி சுற்றிப் பந்தம் கொளுத்தி அடிமரத்தில் ஒரு இழுப்பு இழுப்பார்கள், அவ்வளவுதான். வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலும் இந்தத் தீப்பந்த முறை இருக்கிறது. நம் முருங்கைக்குப் பக்கத்தில் டூவீலர்கள் நிற்பதால் இங்கே தீ வேண்டாம். முழுக்கை சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு, பழைய துடைப்பத்தால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ளிவிட்டால் போதும். பிறகு மரத்தடி மண்ணைக் கொத்திவிட வேண்டும், கூட்டுப்புழு வெளியே வந்தால் மைனா பார்த்துக்கொள்ளும். தோட்டக்கார அண்ணன் வருஷா வருஷம் இதைத்தான் செய்துவந்தார். அந்தப் பையன் என்ன செய்தான் தெரியுமா? ஸ்பிரேயரின் நாசியை மேலே தூக்கி இலைக்கு அடித்தான். புழு இருந்தது கீழே, அடிமரத்தில். நாம் பொரியல் செய்யும் கீரைதான் நனைந்தது.

மாவுப்பூச்சி விஷயம் கொஞ்சம் பெரியது. தமிழ்நாட்டுக்கே ஒரு பாடம் நடத்திய பூச்சி அது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்தைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சியை இந்தியாவில் முதலில் கண்டது 2008இல், கோவையில். அடுத்த இரண்டு வருஷத்தில் அது பப்பாளியோடு நிற்காமல் சேலம், நாமக்கல், ஈரோடு பக்கத்து மரவள்ளி, பட்டுப்பூச்சிக்கு வளர்க்கும் மல்பெரி என்று பரவியது. செம்பருத்தியும் அதற்குப் பிடித்த செடிதான். விவசாயிகள் அடித்துப் பார்க்காத மருந்து பாக்கியில்லை, நம் டப்பாவில் இருக்கிற புரொஃபெனோஃபாஸ் உட்பட. அடித்தால் இரண்டு வாரம் அடங்கும், பிறகு முன்பைவிட அதிகமாக வரும். மல்பெரியில் அடித்தால் அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழு செத்துவிடும் என்பதால் அவர்கள் பாடு இன்னும் மோசம். கடைசியில் 2010இல் பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. அவற்றில் அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற ஒன்று, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சின்னது, மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே தின்று வளர்ந்து, வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் துறைகளும் அதை வளர்த்து ஊர் ஊராகக் கொடுத்தன. ஓரிரு வருஷத்துக்குள் பிரச்சினை ஓய்ந்தது. குளவிகளை விட்ட தோட்டத்தில் மருந்து அடிக்காதீர்கள் என்பதுதான் அப்போது விவசாயிகளுக்கு அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது.

மருந்து ஏன் மாவுப்பூச்சியிடம் தோற்கிறது என்பதை நம் செம்பருத்தி வேலியிலேயே பார்க்கலாம். கீழே இறங்கி வந்து ஒரு கிளையைத் திருப்பிப் பாருங்கள். மேலே மெழுகுப் பூச்சு, அடியில் பஞ்சு மாதிரி பையில் முட்டைகள். தண்ணீரில் கலந்த மருந்து அந்த மெழுகில் ஒட்டாமல் வழிந்துவிடும். செத்துப்போவது வெளியே திரியும் குஞ்சுகள் கொஞ்சம், அதோடு அவற்றைத் தின்ன வந்தவை எல்லாம். அதே கிளையில் மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, வெள்ளை மெழுகு நூல்கள் சிலுப்பிக்கொண்டு ஒன்று இருக்கும். பார்த்தால் இது மாவுப்பூச்சிக்கு அப்பா என்று தோன்றும். விரலால் லேசாகத் தொட்டால் விறுவிறுவென்று ஓடும். மாவுப்பூச்சி அப்படி ஓடாது. அது ஒரு வகைப் பொறிவண்டின் புழு, மாவுப்பூச்சியின் முட்டையையும் குஞ்சையும் தின்றே வளர்வது. ஒப்பந்தத்துக்கு முன்பு வாட்ஸ்அப் குழுவில் "பார்த்தீர்களா, எவ்வளவு பெரிதாக வளர்ந்துவிட்டது" என்று ஒருவர் போட்ட படத்தில் இருந்தது இந்தப் பொறிவண்டுப் புழுதான். அந்தப் படத்தை வைத்துத்தான் நிர்வாகக் குழுவில் ஒப்பந்தத்துக்கு ஓட்டு விழுந்தது.

தின்னும் பூச்சிகள் எண்ணிக்கையில் குறைவு, பெருகவும் நாளாகும். தின்னப்படும் பூச்சிகள் சீக்கிரம் பெருகும். இரண்டையும் ஒரே நாளில் கொன்றால் முதலில் திரும்பி வருவது எது என்று சொல்லத் தேவையில்லை. திருட்டு பயம் என்று சொல்லி வாட்ச்மேனையே வேலையை விட்டு அனுப்பிவிடுவது மாதிரிதான் இது. நம் ரோஜாக்களில் அது நடந்தும் விட்டது. இரண்டாவது மருந்தடிப்புக்குப் பிறகு இலைகள் சாம்பல் தூவினது போல வெளுத்தன. பின்பக்கம் மெல்லிய நூலாம்படை, அதில் சிவப்புப் புள்ளிகளாகச் செம்பேன். இதுவரை நம் தோட்டத்தில் செம்பேன் ஒரு பிரச்சினையாக இருந்ததே இல்லை. சைபர்மெத்ரின் வகை மருந்துகளை அடித்த இடத்தில் செம்பேன் பெருகுவது பருத்தி விவசாயிகள் வெகு காலமாகச் சொல்லும் விஷயம். செம்பேனைத் தின்னும் இன்னொரு வகைப் பேன் முதலில் செத்துவிடுவதுதான் காரணம். அதை அந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளரிடம் காட்டினேன். அவர் கொஞ்சமும் தயங்காமல், "பேனுக்குத் தனி மருந்து இருக்கு மேடம், எக்ஸ்ட்ரா சார்ஜ் ஆகும்" என்றார்.

கார் மேல் விழும் கறுப்புக்கு வருகிறேன். தென்னை ஓலையின் அடியில் வெள்ளை வெள்ளையாக வட்டம் வட்டமாகத் தெரிவது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. 2016இல் பொள்ளாச்சியில் தென்னையில் வந்திறங்கி, இன்றைக்குத் தமிழ்நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. அது ஓலைச் சாற்றை உறிஞ்சிவிட்டுச் சொட்டவிடும் இனிப்புத் தண்ணீர்தான் அந்தப் பிசுபிசுப்பு. அதன் மேல் வளர்வது கரும்பூசணம். இதற்கு ரசாயன மருந்து அடிக்கக் கூடாது என்பதே ஆராய்ச்சி நிலையங்கள் சொல்லும் முதல் அறிவுரை. என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி தானாகவே வந்து இந்த ஈயைக் கட்டுப்படுத்துகிறது, மருந்தடித்தால் அதுதான் முதலில் போய்விடும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாள்களை மரத்தில் கட்டலாம். ஓலையின் அடிப்பக்கம் படும்படி ஹோஸ் பைப்பால் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சலாம். கறுப்புப் படிந்த இலைகளுக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்த கஞ்சியைத் தெளித்தால், காய்ந்ததும் கறுப்பு உரிந்து செதிலாக விழும். உயரமான தென்னைகளுக்குத் தண்ணீர் எட்டாது, அது உண்மை. அந்த மரங்களுக்குக் கீழே உள்ள நான்கு இடங்களில் காருக்கு உறை போட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

இப்படி எல்லாவற்றுக்கும் வழி இருக்கும்போது தோட்டம் ஏன் இந்த நிலைக்கு வந்தது? அதற்கும் காரணம் பூச்சி இல்லை. வாரத்தில் ஆறு நாள் வந்துகொண்டிருந்த தோட்டக்கார அண்ணனை இரண்டு நாளாகக் குறைத்தீர்கள். மிச்சப்படுத்திய சம்பளம்தான் இன்று மருந்து நிறுவனத்துக்குப் போகிறது. வரவு செலவு அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால் இரண்டு தொகையும் ஏறக்குறைய ஒன்றுதான். அவர் தினமும் தண்ணீர் விடும்போதே இலையைத் திருப்பிப் பார்ப்பார். மாவுப்பூச்சி ஒரு கிளையில் ஆரம்பிக்கும்போதே அதை வெட்டிப் பையில் கட்டி வெளியே போடுவார். வெட்டியதை உரக்குழியில் போட்டால் அங்கிருந்தே மறுபடி ஏறும் என்பது அவருக்குத் தெரியும். எறும்பு வரிசை செம்பருத்தித் தண்டில் ஏறுகிறதா என்று பார்ப்பார். மாவுப்பூச்சியும், சாறு உறிஞ்சும் அசுவினியும் சொட்டும் இனிப்புக்காக எறும்பு அவற்றுக்குக் காவல் இருக்கும், பொறிவண்டை அண்டவிடாது. தண்டைச் சுற்றி ஒரு துணிப்பட்டை கட்டி அதில் கிரீஸ் தடவிவிட்டால் எறும்பு ஏறாது, மிச்ச வேலையைப் பொறிவண்டு பார்த்துக்கொள்ளும். இதெல்லாம் நடுவில் நான்கு நாள் விட்டுவிட்டு வந்து செய்கிற வேலை இல்லை. ஐந்து நாள் கவனிக்காத மாவுப்பூச்சி கிளை முழுக்கப் பரவிவிடும். அதைப் பார்த்து நீங்கள் ஒப்பந்தம் போடுகிறீர்கள்.

"இயற்கை முறையெல்லாம் பேச்சுக்கு நல்லா இருக்கும், வேலை செய்யாது" என்று பொருளாளர் சார் சொன்னது என் காதுக்கு வந்தது. வேலை செய்கிறது, ஆனால் மருந்து மாதிரி அன்றே செத்து விழாது, அதுதான் வித்தியாசம். வேப்பங்கொட்டைச் சாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்துத் துணியில் முடிந்து ராத்திரி ஊறவைத்து, மறுநாள் பால் மாதிரி வரும்வரை பிழிந்து, கொஞ்சம் காதி சோப்பு கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு அடிக்க வேண்டும். அதில் உள்ள அசாடிராக்டின் புழுவைத் தின்ன விடாது, தோல் உரிக்கவும் விடாது. புழு இரண்டு மூன்று நாள் இலையில் சும்மா உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு "பார்த்தீங்களா, சாகலை" என்பார்கள். அந்த இலையில் புதிதாக ஓட்டை விழுந்திருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. மாவுப்பூச்சிக்கு முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டு, சோப்புக் கரைசலோடு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி சேர்த்து அடித்தால் அந்த மெழுகு இளகும். முட்டை பொரிந்து வரும் என்பதால் ஒரு வாரம் கழித்து மறுபடியும் அடிக்க வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகிவிடும். மொட்டை மாடியில் தொட்டிச் செடி வைத்திருக்கும் எங்கள் குழுவில் எல்லோரும் இப்படித்தான் செய்கிறோம். நோய்க்கும் அப்படித்தான். இலைகளில் சாம்பல் படர்ந்தால் புளித்த மோரை நீர்க்கக் கரைத்துத் தெளிக்கிறோம். வேரழுகலுக்கு மண்ணிலேயே டிரைகோடெர்மா என்ற நல்ல பூஞ்சையும் சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியாவும் கலக்கிறோம், இரண்டும் தோட்டக்கலைத் துறை அலுவலகத்திலும் உரக்கடையிலும் கிடைக்கின்றன. நெருக்கமாக வைத்த தொட்டிகளைத் தள்ளி வைத்தாலே பாதி பூஞ்சை வராது.

எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். வெண்டையில் மஞ்சள் நரம்பு நோய் வந்தால் பிடுங்கி எறிவதைத் தவிர வழியில்லை. அது வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ், எந்த ரசாயனமும் அந்தச் செடியைக் காப்பாற்றாது. கத்தரியில் தண்டுத்துளைப்பான் வந்தால் வாடித் தொங்கும் நுனியைப் புழுவோடு கிள்ளி அழிக்க வேண்டும், தண்டுக்குள் இருக்கும் புழுவை வெளியே அடிக்கும் மருந்து எட்டுவதும் கஷ்டம். இன்னொரு பக்கம், இயற்கை என்ற பெயரில் எதையும் அடிக்கலாம் என்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. டி பிளாக்கில் ஒருவர் புகையிலைக் கஷாயம் அடிக்கச் சொல்கிறார். நிக்கோடினும் விஷம்தான் சார், பிள்ளைகள் தொடும் செடியில் அதுவும் வேண்டாம்.

சில பூச்சிகளை விட்டுவிடத்தான் வேண்டும். எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். சில நாளில் அது பச்சைப் புழுவாகும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறக் கொம்பு இரண்டை நீட்டி ஒரு வாடை விடும். அது வண்ணத்துப்பூச்சி. நாலு இலை தின்னும், கறிவேப்பிலை மறுபடி துளிர்க்கும். போன பருவத்தில் ஏ பிளாக் குழந்தைகள் அதன் கூட்டை ஒரு பாட்டிலுக்குள் வைத்துக் காத்திருந்து, இறக்கை விரிப்பதைப் பார்த்தார்கள். இந்த வருஷம் அந்தச் செடிகளில் ஒரு புழுவும் இல்லை. மாதுளைக்கு வரும் தேன்சிட்டும் குறைந்துவிட்டது. தேன் குடிக்கும் பறவைதான், ஆனால் குஞ்சுக்கு அது ஊட்டுவது பூச்சியையும் சிலந்தியையும்.

இப்போது நான் கேட்பவை.

ஒப்பந்தத்தை ரத்து செய்யுங்கள். 30 நாள் முன்னறிவிப்பில் விலகலாம் என்று அதில் ஒரு ஷரத்து இருக்கிறது என்று பொருளாளர் சாரே சொல்லியிருக்கிறார். அந்த அறிவிப்பை இந்த மாதமே அனுப்புங்கள். அதுவரை வரும் சனிக்கிழமைகளில் முருங்கை, கறிவேப்பிலை, எலுமிச்சை, மாதுளை, துளசி, அல்லித் தொட்டி, விளையாட்டுத் திடல் ஆகியவற்றின் பக்கம் ஸ்பிரேயர் போகவே கூடாது. இதை நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுங்கள், வாய்வார்த்தை வேண்டாம்.

அந்த நிறுவனத்திடம் வணிக முறையில் பூச்சி ஒழிப்பு செய்வதற்கான உரிமம் இருக்கிறதா என்று கேட்டு, அதன் நகலை வாங்கி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971ஆம் ஆண்டின் விதிகளும் அப்படி ஒரு உரிமத்தைக் கேட்கின்றன. இதுவரை இங்கே அடித்த மருந்துகளின் பெயர், அளவு, தேதி எல்லாம் கொண்ட பட்டியலும் அதோடு வேண்டும். யாருக்காவது உடம்புக்கு வந்தால் டாக்டரிடம் என்னவென்று சொல்வது? கையுறையும் முகமூடியும் பூட்ஸும் இல்லாமல் வரும் தொழிலாளியை வாட்ச்மேன் உள்ளே விடக் கூடாது என்று உத்தரவு போடுங்கள். அந்தப் பையனிடம் கோபித்துக்கொள்ளச் சொல்லவில்லை, அவனை அப்படி அனுப்பும் நிறுவனத்திடம் கேளுங்கள்.

தோட்டக்கார அண்ணனை மறுபடி ஆறு நாளும் வரச் சொல்லுங்கள், பழைய சம்பளத்துக்குக் குறையாமல். மருந்து ஒப்பந்தத்துக்கு ஒதுக்கிய தொகை அதற்குப் போதும். வேப்பெண்ணெய், காதி சோப்பு, மஞ்சள் ஒட்டுப்பொறி, நல்ல கத்தரிக்கோல் ஒன்று, மருந்துக்கு ஒருபோதும் பயன்படுத்தாத புது ஸ்பிரேயர் ஒன்று, இவை வாங்க ஒரு சிறு தொகையைத் தோட்டக் கணக்கில் சேருங்கள். நிறுவனத்தின் பழைய ஸ்பிரேயரை நம் செடிகளுக்கு வாங்க வேண்டாம், டேங்கில் எச்சம் இருக்கும்.

இனி எப்போதாவது ரசாயன மருந்து தேவை என்று தோன்றினால், எந்தச் செடியில், என்ன பூச்சி, வேறு எதைச் செய்து பார்த்தோம் என்று எழுதிவைத்து, அந்தச் செடிக்கு மட்டும், இரண்டு நாள் முன்னறிவிப்போடு செய்யுங்கள். அதற்கு முன் தோட்டக்கார அண்ணனும் எங்கள் மாடித்தோட்டக் குழுவில் ஒருவரும் அந்தச் செடியைப் பார்த்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரோடு சேர்ந்து ஒரு சுற்று வர எங்களில் சிலர் தயாராக இருக்கிறோம், சம்பளம் கேட்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் முருங்கையைப் பார்க்கும் வேலையையும் எடுத்துக்கொள்கிறோம்.

கடைசியாக, இந்த விஷயத்தை வரும் பொதுக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேருங்கள். ஒப்பந்தம் ஏன் போட்டோம் என்பதை நிர்வாகக் குழு எல்லோர் முன்னாலும் சொல்லட்டும், நாங்களும் எங்கள் பக்கத்தைச் சொல்கிறோம். இந்த மடலுக்குப் பதிலை, ஆம் என்றாலும் இல்லை என்றாலும், அடுத்த முதல் சனிக்கிழமைக்கு முந்தைய வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள். ஒட்டாவிட்டால், சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு மாடித்தோட்டக் குழுவில் உள்ளவர்கள் கறிவேப்பிலை மரத்தடியில் நிற்போம். மருந்தடிக்க வருபவரிடம் எங்களுக்கு எந்தச் சண்டையும் இல்லை. உங்களில் ஒருவர் வந்து பேசும்வரை அங்கேயே இருப்போம்.

இப்படிக்கு,
பி பிளாக் தரைத்தளக் குடியிருப்பாளர்,
மாடித்தோட்டக் குழு சார்பில்